பெட்டி வைத்த கை

என் மனைவியின் வலது கை எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம், மலையில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லிவிடுவேன். அது பொய்யில்லை. ஆனால் விழுந்ததில் உடைந்தது எலும்பு. அது ஒழுங்காகக் கூடிவிட்டது. கை போனது அதற்குப் பிறகு, போடியில், என் வீட்டில், நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போது. இதை எழுத இத்தனை வருடம் தள்ளிப்போட்டேன்.

சீமையில் சண்டை தொடங்குவதற்கு இரண்டொரு வருடம் முந்தி நடந்தது. போடிநாயக்கனூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மருந்து கலக்குவது, புண் கழுவிக் கட்டுவது, குளிர் காய்ச்சலோடு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களுக்குக் கொயினா கொடுப்பது, இவைதான் வேலை. வயது முப்பது இருக்கும். கோபம் எப்போதும் மூக்கு நுனியில். எங்கள் குடும்பத்தில் ஏர் பிடிக்காமல் உத்தியோகம் பார்த்த முதல் ஆள் நான் என்பதால் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அந்த மாதிரி மரியாதை ஒரு மனிதனைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிவிடும். என்னைக் கெடுத்தது.

என் மனைவிக்குப் பொட்டிபுரம். அவள் வீட்டாருக்குக் கீழே வயலும் போடிமெட்டுக்கு மேலே கொஞ்சம் ஏலத் தோட்டமும் உண்டு. ஆவணியில் காய் பறிக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகும்போது, சமைத்துப்போட வீட்டுப் பெண்கள் ஒருவர் இருவர் மேலே போவது வழக்கம். அந்த வருடம் தானும் போகிறேன் என்று கேட்டாள். நான் முகத்தைச் சுளித்தேன்.

"தம்பிக்குத் தையில கல்யாணம் வச்சிருக்காக. பொறவு அவன் பொண்டாட்டி போவா, நான் எங்க மலைக்குப் போக? இந்த ஒரு தடவ போயிட்டு வந்துர்றேன்" என்றாள்.

சரி என்றேன். அந்தச் சரியைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. இருபது நாள் மலையில் சந்தோஷமாக இருந்திருக்கிறாள். காய் உலர்த்தும் கொட்டகைப் புகை அவள் சேலையில் ஏறியிருந்தது. பிற்பாடு அந்தச் சேலையைத் துவைக்கவே கொடுக்கமாட்டேன் என்றாள்.

இறங்கும்போதுதான் விழுந்தாள். மழை பெய்து நனைந்த பாதை. எதிரே பொதிமாடுகள் ஏறி வந்திருக்கின்றன. மாட்டுக்கு வழிவிடுகிறவர்கள் மலைப் பக்கமாக ஒதுங்க வேண்டும். இவள் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிவிட்டாள். கால் சறுக்கிப் பத்தடி கீழே ஒரு பாறையில் விழுந்து, வலது மேல்கை எலும்பு முறிந்தது. அங்கேயே மலையில் ஒரு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துக் கட்டுப் போட்டு, டோலியில் கீழே அனுப்பினார். கட்டைப் பார்த்ததும் நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். எங்கள் டாக்டர் வந்து தடவிப் பார்த்து, "எலும்பு நேராத்தான் நிக்குது, பிரிக்க வேண்டாம்" என்று சொன்னபோது எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்துக் கட்டைப் பிரித்தோம். எலும்பு நேராகக் கூடியிருந்தது. ஆனால் கையை நீட்டு என்றால் முழங்கை வரைதான் நீண்டது. மணிக்கட்டுக்குக் கீழே கை துவண்டு தொங்கியது. விரல்களை விரிக்க முடியவில்லை. எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கியிருக்கிறது, அறுந்திருக்காது, நாளாகும், ஆனால் திரும்பி வரும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னபடியே நரம்பு திரும்பி வந்தது. அதில் அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

வலது கை என்றால் எங்கள் பக்கம் சோற்றுக்கை. அது இல்லாதவள் எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதுதான். ஆனால் அவளுக்கு இருந்த கவலை சோற்றைப் பற்றியதல்ல. அவள் ஒரே தம்பியின் கல்யாணத்தைப் பற்றியது. மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுப் போடுவான். மற்ற இரண்டு முடிச்சையும் அவன் உடன்பிறந்தவள், பெண்ணுக்குப் பின்னால் நின்று போடுவாள். அது நாத்தனார் முடிச்சு. பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மிச்சமிருக்கும் உரிமைகளில் பெரியது அதுதான். எட்டு வயதிலிருந்து அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் இவள். கட்டைப் பிரித்த அன்று தொங்குகிற கையை இடது கையால் தாங்கிக்கொண்டு என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"தைக்குள்ள சரியாயிருமா?"

"ஆயிரும்" என்றேன். கேட்ட மாத்திரத்தில், யோசிக்காமல்.

வீட்டில் என் அக்காவும் இருந்தாள். கல்யாணமாகிச் சில வருடங்களிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். அவளுக்கும் என் மனைவிக்கும் அவ்வளவாக ஆகாது. உலை வைப்பதில் தொடங்கி விளக்கு ஏற்றுவது வரை இருவருக்கும் தனித்தனி முறை. பகலெல்லாம் பாத்திரங்கள்தான் பேசிக்கொள்ளும். நடுவில் அகப்பட்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

அந்த அக்கா, கட்டைப் பிரித்த மறுநாள் காலையில், யாரும் சொல்லாமல் நல்லெண்ணெயைக் கிண்ணத்தில் சூடாக்கி எடுத்துக்கொண்டு வந்து, "கையக் கொண்டா" என்று என் மனைவியின் முன்னால் உட்கார்ந்தாள். தெருவில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் கைகால் உருவிக் குளிப்பாட்டி விட்டவள் அவள். கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு தோளிலிருந்து கீழே உருவிக்கொண்டே வருவாள். "இங்கிட்டா? இன்னுங்கொஞ்சம் கீழயா?" என்று கேட்டுக்கொண்டே வருவாள். மணிக்கட்டைப் பத்து முறை மேலே தூக்கி விடுவாள். கடைசியில் விரல்கள். ஒவ்வொன்றாக நீட்டி, மடக்கி, நீட்டி, மடக்கி. அதற்குச் சலிப்புத் தட்டாமல் இருக்க விரலுக்கு ஒரு வீட்டு வம்பு. சுண்டு விரலுக்குக் கோடி வீட்டு மாமியார், மோதிர விரலுக்கு எதிர் வீட்டு மருமகள். கட்டை விரல் வந்தால் என்னைப் பற்றி. என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கேட்டிருக்கிறேன். சோறு பிசைந்து உருண்டை பிடித்து அவள் வாயில் வைத்ததும் அக்காதான். ஆறு வருடமாக நான் பஞ்சாயத்துப் பண்ணித் தீர்க்க முடியாத சண்டை, ஒரு கிண்ணம் எண்ணெயில் தீர்ந்துகொண்டிருந்தது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் அதை வைத்தியம் என்று நான் எண்ணவில்லை.

வைத்தியம் என்று நான் எண்ணியது பெட்டியை.

பெட்டி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறக்கி, மாட்டு வண்டியில் வைக்கோலுக்குள் பொதிந்து கொண்டுவந்தோம். தேக்குப் பெட்டி, பித்தளைக் கொண்டி. உள்ளே லாடம் போல வளைந்த பெரிய காந்தமும் கம்பி சுற்றிய உருளைகளும். பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் இரண்டு கம்பி வழியாகக் கரண்ட் வரும். கம்பி முனையிலிருக்கும் வில்லைகளில் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி நோயாளியின் உடம்பில் வைத்துக் கட்ட வேண்டும். வேகமாகச் சுற்றினால் வேகமாக உதறும். அதைச் சுற்றும் பொறுப்பை டாக்டர் என்னிடம் கொடுத்தார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. வாதம், இடுப்புப் பிடிப்பு, முட்டி வலி, எல்லாவற்றுக்கும் ஜனங்கள் பெட்டியைத்தான் கேட்டார்கள். "பெட்டி வச்சுக்கிடணும்" என்று மலையிலிருந்து நடந்து இறங்கி வந்தார்கள். காலையில் இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவர் உட்கார, வில்லையை வைத்துக் கட்டி, நான் சுற்ற, அவர் "அம்மா" என்று துள்ள, அடுத்தவர். யாருக்கு என்ன வலி என்று சீட்டில் டாக்டர் எழுதியிருப்பார். நான் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. ஒருநாள் எஸ்டேட்டில் சுமை தூக்கும் ஆள் ஒருவர், எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டே, "வேதனை எவிடேன்னு ஒரு வாக்கு கேக்கலையே சாரே" என்று மலையாளம் கலந்த பேச்சில் சொன்னார். வலி எங்கே என்று எதற்குக் கேட்க வேண்டும், சீட்டில் இருக்கிறது, போ என்றேன்.

என் மனைவியை ஐப்பசி நடுவில் பெட்டிக்கு அழைத்துப்போனேன். பெட்டி இருந்த இடத்தை ஒரு திரைத்துணி கட்டி மறைத்திருந்தோம். பெண்கள் வந்தால் அதை இழுத்துவிடுவோம். வில்லைகளை அவள் முன்கையில் வைத்துக் கட்டிவிட்டு மெதுவாகச் சுற்றினேன். தொங்கிக்கொண்டிருந்த கை எழுந்தது. மணிக்கட்டு நிமிர்ந்து, விரல்கள் ஐந்தும் விரிந்தன. இரண்டு மாதமாகச் செத்தது போலக் கிடந்த கை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நான் சுற்றுவதை நிறுத்தியதும் கை பழையபடி விழுந்தது.

"இன்னொரு தடவ" என்றாள்.

மறுபடியும் சுற்றினேன். அன்று எத்தனை தடவை சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெருமை வேண்டுமா? அவள் கையை நான் எழுப்பினேன் என்றே நினைத்தேன். வாரம் மூன்று நாள் போதும் என்றார் டாக்டர். நான் ஆறு நாளும் வரச் சொன்னேன். பொட்டிபுரத்திலிருந்து மாமனார் பார்க்க வந்தபோது அவரைத் திரைக்குள் கூட்டிப்போய், சுற்றி, கை எழுவதைக் காட்டினேன். "கலியாணத்துக்கு முடிச்சுப் போட்டுருவா மாமா, கவலப்படாதீக" என்றேன். அவர் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகு அந்த நாள். பத்துப் பதினைந்து பேர் வெளியே காத்திருக்கிறார்கள். என் மனைவியின் கையில் வில்லையைக் கட்டிச் சுற்றுகிறேன், கை எழவில்லை. வேகமாகச் சுற்றுகிறேன்; லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று எனக்கு வியர்த்துவிட்டது. டாக்டர் உள்ளே வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்து, தன் விரலை மோந்து பார்த்தார். அன்று ஏதோ அவசரத்தில் அக்கா சரியாகத் துடைக்காமல் அனுப்பியிருக்கிறாள். தோலெல்லாம் எண்ணெய். எண்ணெயில் கரண்ட் ஏறாது.

டாக்டர் என்னைத் திரைக்கு வெளியே அழைத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் சத்தம் போட்டார். "கம்பவுண்டரா இருந்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா உங்களுக்கு? பெட்டி வைக்கிற அன்னைக்கு எண்ணெய் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேனே" என்றார். வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு அவரே குரலைத் தணித்துக்கொண்டார்.

"எண்ணெயே கூடாதுன்னு சொல்லலை. பெட்டி வைக்காத நாள்லே நல்லாத் தேய்க்கலாம். தினமும் விரலை ஒவ்வொண்ணா நீட்டி மடக்கி விடணும், அதை மட்டும் விட்டுடாதீங்க. நரம்பு வர்றதுக்கு முந்தி மூட்டு இறுகிடுச்சுன்னா அப்புறம் நரம்பு வந்தும் பிரயோஜனமில்லை. அந்த வேலையைப் பெட்டி செய்யாது. கைதான் செய்யணும்."

நான் தலையாட்டினேன். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று இன்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது.

மத்தியானம் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சிரிப்புத்தான் காதில் இருந்தது. அக்கா சாயங்காலத்துக்கு எண்ணெய் எடுத்து வைத்திருந்தாள். கிண்ணத்தைக் காலால் தட்டிவிட்டேன். "இன்னைக்கு ஒன்னால பத்துப்பேரு முன்னால நான் தலைகுனிஞ்சு நின்னேன். இனிமே இந்த வீட்டுல எண்ணெயும் கூடாது, உருவுறதும் கூடாது. ஒனக்கு இதுல என்ன தெரியும்?" என்று கத்தினேன். அக்கம்பக்கத்து வாசல்களில் தலைகள் தெரிந்தன.

அக்கா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். "சீயக்காப் போட்டுக் கழுவிவிட்டு அனுப்புறேனப்பு. எண்ணெயில்லாமக்கூட உருவி விடுறேன். வெரலு பழகிக்கிட்டு வருது" என்றாள்.

"கூடாதுன்னா கூடாது."

தரையில் சிந்திய எண்ணெயைக் கையால் வழித்துத் தன் தலையில் தடவிக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, ராசிங்காபுரத்தில் ஏர் பிடிக்கும் என் தம்பி வீட்டில் அறுப்புச் சோலி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு புறப்பட்டுப் போய்விட்டாள். என் மனைவி வாசல் வரை போய் நின்றாள். "மதினி, போயிட்டு வெரசா வாங்க" என்றாள். அப்படி அவள் அக்காவிடம் சொல்லி அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

டாக்டர் சொன்னதில் முதல் பாதியைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இரண்டாவது பாதியைச் சொல்லவில்லை. சொன்னால், தெருவே கேட்கக் கத்திய கத்தலைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ராசிங்காபுரத்துக்கு ஆள் விட்டு அக்காவைக் கூப்பிட வேண்டும். கூப்பிடலாம், நாளைக்குப் பார்க்கலாம் என்றே ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நானே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பெண்டாட்டியின் கையை மடியில் வைத்துக்கொண்டு பட்டப்பகலில் உருவிவிடுகிற ஆண்பிள்ளையை அந்தத் தெரு பார்த்ததில்லை. அதோடு, எனக்குப் பெட்டி இருந்தது. சுற்றினால் கை எழுந்தது. எழுகிற கை எப்படிக் கெடும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

ஆறு நாளும் அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வரிசையில் நின்றாள். நான் கட்டினேன், சுற்றினேன், அவிழ்த்தேன். பத்து நிமிஷம். மற்றவர்களிடம் பேசாதது போலவே அவளிடமும் அங்கே பேச மாட்டேன். வீட்டில் அவள் இடது கையால் சாப்பிட்டாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு வீட்டில் கேட்கவில்லை. கொஞ்ச நாளில் "இன்னொரு தடவ" என்று கேட்பதையும் விட்டுவிட்டாள்.

மார்கழியில் நரம்பு வந்தது. ஒரு காலை, வில்லையைக் கட்டுவதற்கு முன்பே, "இங்க பாருங்க" என்று கையை நீட்டினாள். மணிக்கட்டு தானாக, நடுங்கிக்கொண்டே, ஒரு விரற்கடை எழுந்தது. மறுநாள் இரண்டு விரற்கடை. டாக்டர் அன்று ஊரில் இல்லை. நான் பெட்டியைத் தட்டிக்கொடுத்தேன். பொட்டிபுரத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

பத்துநாள் கழித்து டாக்டர் பார்த்தார். மணிக்கட்டைத் தூக்கச் சொன்னார், தூக்கினாள். விரல்களை விரிக்கச் சொன்னார். விரியவில்லை. மடக்கச் சொன்னார். மடங்கவும் இல்லை. எலுமிச்சம்பழத்தைப் பிடித்திருப்பது போல அரைகுறையாக வளைந்து நின்றன. அவர் ஒரு விரலைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. விரல் அசையவில்லை.

"தினமும் நீட்டி மடக்கி விட்டாங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"விட்டாங்க" என்றேன்.

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு சேலை முந்தானையால் கையில் வழிந்த உப்புத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அக்கா ராசிங்காபுரத்திலிருந்து நேராகப் பொட்டிபுரம் வந்துவிட்டாள். வந்ததும் என் மனைவியின் கையைத்தான் எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "இறுகிப்போச்சேப்பு" என்றாள், அவ்வளவுதான். நாலு நாளும் வெந்நீரில் கையை ஊறவைத்து, எண்ணெய் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உருவினாள். என் மனைவி தலையணையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வம்பு பேச இருவருக்கும் மனம் வரவில்லை. நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே போகமாட்டேன்.

முகூர்த்தத்தன்று மாப்பிள்ளை தாலியைப் பெண்ணின் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டான். கெட்டிமேளம் முழங்கியது. என் மனைவி பெண்ணுக்குப் பின்னால் நின்று குனிந்தாள். இடது கையால் கயிற்றின் ஒரு முனையை எடுத்தாள். மற்ற முனையை வலது கை விரல்களுக்கு நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். கயிறு நழுவியது. மறுபடி எடுத்து வைத்தாள். மணிக்கட்டு நன்றாக நிமிர்ந்துதான் நின்றது. விரல்தான் பிடிக்கவில்லை. மறுபடியும் நழுவியது. மாப்பிள்ளை தான் போட்ட முடிச்சு அவிழாமல் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடுக்கா" என்றான். மேளம் ஓயாமல் முழங்கிக்கொண்டிருந்தது. அட்சதையை வைத்துக்கொண்டு எல்லோரும் அவள் கையையே பார்த்தார்கள். மூன்றாவது தடவை அவள் முயலவில்லை. பக்கத்தில் நின்ற சித்தப்பா மகளின் தோளைத் தொட்டு, "நீ போடு தாயி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அட்சதையை இடது கையால் போடக்கூடாது என்பதற்காகப் போடாமலே வைத்துக்கொண்டாள்.

பந்தியிலும் அவள் உட்காரவில்லை. வந்தவர்களைக் கவனிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் வண்டி கட்டிப் போடிக்குத் திரும்பினோம். வண்டிக்காரர் காளைகளின் பக்கத்திலேயே நடந்து வந்தார். அக்கா ராசிங்காபுரத்துக்கே திரும்பிவிட்டதால் வண்டிக்குள் நாங்கள் இருவர் மட்டும். பாதி வழி வந்திருப்போம். அதற்குமேல் மறைத்துவைக்க முடியவில்லை.

"அன்னைக்கு டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரு. தெனம் வெரலை நீட்டி மடக்கி விடணும், இல்லாட்டி இறுகிரும்னு சொன்னாரு. நான்தான் வீட்டுல வந்து சொல்லல" என்றேன்.

அவள் வெளியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். நான் துணிக்கு அங்கிட்டுத்தான இருந்தேன். எல்லாம் கேட்டுச்சு" என்றாள்.

நான் அவள் பக்கம் திரும்பினேன். "அப்ப ஏன் சொல்லல? அக்காவப் போகவிடாம நிப்பாட்டியிருக்கலாமில்ல?"

"நீங்க கூடாதுன்னு சொன்ன பொறவு மதினிகிட்ட எப்படிக் கையக் குடுக்க? பொறவு ஒங்களுக்குத்தான அசிங்கம்."

வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீங்களே பிடிச்சு விடுவீகன்னு இருந்தேன்" என்றாள் பிறகு. "தெனம் பொழுது சாயிற நேரம் கைய மடியில வச்சுக்கிட்டு ஒங்க பக்கத்துல வந்து ஒக்காந்தேன்ல."

உட்கார்ந்தாள். நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் நான் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த இங்கிலீஷ் வைத்தியப் புஸ்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். புழுக்கத்துக்காகக் காற்று வாங்க வந்து உட்காருகிறாள் என்று நினைத்தேன். கார்த்திகையில் என்ன புழுக்கம்?

பெட்டிமேல் எனக்குக் கோபம் கிடையாது. அது தன் வேலையைச் செய்தது. அதற்குப் பிறகும் பல வருடம் அதைச் சுற்றினேன். பலருக்கு நன்றாகவும் ஆனது. இப்போது மதுரையில் சுவரில் சொருகினால் தானே ஓடுகிற பெட்டிகள் வந்துவிட்டன என்கிறார்கள். வரட்டும்.

வீட்டுக்கு வந்த அன்றைக்கே நல்லெண்ணெயைச் சூடாக்கினேன். கதவை அடைக்கவில்லை. அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டு, அக்கா செய்தது போலவே தோளிலிருந்து உருவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்தேன். எனக்குப் பழக்கமில்லாத வேலை, வலிக்க வைத்திருப்பேன். காலையில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. மாசி, பங்குனி, சித்திரை என்று ஒரு நாள் விடாமல் செய்தேன். தெருக்காரர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கட்டை விரல் கொஞ்சம் இளகியது போலத் தோன்றும். மறுநாள் பழையபடி இருக்கும். அவளும் தினமும் வந்து கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆடி மாதம் ஒருநாள், நடுவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் இடது கையால் என் கையை மெதுவாக விலக்கினாள்.

"போதும் விடுங்க. ஒங்களுக்குக் கை வலிக்கும்" என்றாள்.